குதிரைகள் போன பின்: லண்டன் மியூஸ் சந்துகளும் நம் பழைய கட்டடங்களும்

லண்டன் மாநகரில் குடியேறியிருக்கும் நம் பழைய மாணவிகளுக்கு ‘மியூஸ்’ என்று முடியும் தெருப் பெயர்கள் புதியவை அல்ல. கென்சிங்டன், பெல்கிரேவியா, பாடிங்டன், மேரிலபோன் ஆகிய பகுதிகளில் பெரிய வீதிகளின் பின்புறம் நூற்றுக்கணக்கான மியூஸ் சந்துகள் உள்ளன. கருங்கல் பாவிய குறுகிய பாதை, இருபுறமும் இரண்டு மாடிகளே கொண்ட சிறிய வீடுகள், வாசலில் பூச்சாடிகள் என்று அவை இன்று காட்சி தருகின்றன. மில்லியன் பவுணுக்கு மேல் விலை போகும் வீடுகள் அவற்றில் பல. ஆனால் அவை மனிதர் வாழ்வதற்கென்று கட்டப்பட்டவை அல்ல. அவை குதிரை லாயங்களாக எழுந்தவை.

லாயம் வீடான இந்தக் கதை கட்டடக்கலை வரலாற்றில் ஒரு சிறு பகுதிதான். ஆயினும் நூறு ஆண்டைக் கொண்டாடும் ஒரு பாடசாலைச் சமூகம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. பழைய கட்டடத்தை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா நூற்றாண்டு விழாக்களிலும் எழுவதுண்டு. அந்தக் கேள்விக்கு லண்டனின் பின்சந்துகள் ஒரு விடையை வைத்திருக்கின்றன.

பெயரின் கதை

‘மியூ’ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகள் ஆண்டுதோறும் இறகு உதிர்க்கும் காலத்தில் அவற்றைக் கூட்டில் அடைத்து வைப்பார்கள். இறகு உதிர்த்தலைக் குறித்த சொல் அந்தக் கூட்டுக்கும் பெயராயிற்று. இங்கிலாந்து மன்னர்களின் வல்லூறுக் கூடம் சாரிங் குறொஸ் என்னும் இடத்தில் இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1534 இல், அது தீயில் அழிந்தது. பின்னர் அதே இடத்தில் அரச குதிரை லாயம் கட்டப்பட்டது. வல்லூறுகள் போய்க் குதிரைகள் வந்தன; பெயர் மட்டும் மாறவில்லை. காலப்போக்கில் எந்த லாயச் சந்தும் ‘மியூஸ்’ எனப்பட்டது.

அந்த அரச லாயமும் நிலைக்கவில்லை. 1820களில் கட்டடக் கலைஞர் ஜோன் நாஷ் பக்கிங்காம் மாளிகையின் அருகே புதிய அரச லாயத்தைக் கட்டி முடித்தார். பழைய லாயம் இருந்த நிலத்தில்தான் இன்று ட்ரவல்கர் சதுக்கமும், 1838 இல் திறக்கப்பட்ட தேசிய ஓவியக் கூடமும் இருக்கின்றன. ஆக, ‘மியூஸ்’ என்ற பெயரே கட்டடங்கள் உருமாறிய வரலாற்றின் ஒரு சான்றாகும்.

முன் வீடும் பின் சந்தும்

18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் லண்டனின் செல்வந்தர் குடியிருப்புகள் ஒரே திட்டத்தில் அமைந்தன. முன்னால் அகன்ற வீதி அல்லது சதுக்கம். அதை நோக்கி நான்கு, ஐந்து மாடிகளில் ஒன்றோடொன்று ஒட்டிய மாளிகை வரிசை. மாளிகையின் பின்னே தோட்டம். தோட்டத்தின் கடைசியில் லாயம். லாயத்தின் வாசல் தோட்டத்தை நோக்கியிராது. அது பின்னாலுள்ள சந்தை நோக்கியே திறக்கும். இரண்டு வீதிகளின் மாளிகைகள் முதுகோடு முதுகாக நிற்க, நடுவே ஓடிய ஒரு சந்து இரண்டு வரிசை லாயங்களுக்கும் வழியாயிற்று.

லாயத்தின் அமைப்பு எளிமையானது. கீழ்த்தளத்தில் வண்டி நுழையும் அளவுக்கு அகன்ற இரட்டைக் கதவு. உள்ளே ஒரு பக்கம் வண்டிக் கொட்டகை, மறுபக்கம் குதிரைகளுக்கான தடுப்புகள். மேல்தளத்தில் வைக்கோற் பரணும், வண்டியோட்டியும் குதிரைக்காரரும் குடும்பத்தோடு தங்கும் ஓரிரு அறைகளும். பரணுக்கு வெளிப்புறமாக ஒரு கதவு இருக்கும். அதற்கு மேலே நீட்டிய மரத்தில் கப்பி கட்டி, சந்தில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து வைக்கோற் கட்டுகளை மேலே இழுப்பார்கள். சந்தின் நடுவே சற்றுத் தாழ்ந்த கான் ஓடும். குதிரைகளைக் கழுவிய நீரும் சிறுநீரும் அதன் வழியே வடியும். கருங்கல் பாவியதற்கும் காரணம் உண்டு. மண் தரை என்றால் குளம்பும் சில்லும் நீரும் சேர்ந்து அதை ஒரு வாரத்தில் சேறாக்கிவிடும்.

இந்தத் திட்டத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது பின் சுவர். மாளிகைத் தோட்டத்தைப் பார்த்த லாயச் சுவரில் பெரும்பாலும் யன்னல் வைப்பதில்லை. வேலைக்காரர் எசமானின் தோட்டத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. லாயத்தின் நாற்றமும் தோட்டத்துக்கு வரக் கூடாது. சில இடங்களில் அந்தச் சுவருக்கு மாளிகைக்கு இசைவாகப் பூச்சும் அலங்காரமும் செய்தார்கள். அலங்காரம் எசமானின் கண்ணுக்கு. லாயத்துக்குள் இருந்தவருக்கு ஒளியும் காற்றும் சந்துப் பக்கத்திலிருந்து மட்டுமே. சந்தின் முகப்பில் வளைவு வாசல் கட்டியதும் அவ்வாறே. கென்சிங்டனில் கைனன்ஸ் மியூஸ் என்ற சந்தில் அத்தகைய வளைவை இன்றும் காணலாம். அழகுக்காக எழுந்த வளைவு என்றே இன்று அதைப் படம் பிடிக்கிறார்கள். பெருவீதியில் செல்வோரின் பார்வையிலிருந்து லாயத்தை மறைத்ததும் அதன் பயன்தான்.

குதிரைக்கு மேலே வாழ்ந்தவர்கள்

மேல்தளத்தில் வாழ்ந்த குடும்பங்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவரை நாம் எல்லோரும் பௌதிகவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மின் தூண்டலை 1831 இல் கண்டறிந்த மைக்கேல் ஃபரடே ஒரு கொல்லரின் மகன். அவருடைய இளமைக்காலம் மேரிலபோன் பகுதியில் ஜேக்கப்ஸ் வெல் மியூஸ் என்ற சந்தில், ஒரு வண்டிக் கொட்டகைக்கு மேலேயுள்ள அறைகளில் கழிந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில் புத்தகம் கட்டும் கடையொன்றில் வேலை பழகப் போனவர், கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்துக்கு வந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத ஒருவரின் கதையாக நமது ஆசிரியர்கள் அதைச் சொல்லுவார்கள். அவர் குதிரைக்கு மேலே வளர்ந்தவர் என்பதும் அக்கதையோடு சேர்க்கத்தக்கது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்ல்ஸ் பூத் என்பவர் லண்டன் முழுவதையும் தெருத் தெருவாக ஆராய்ந்து, வறுமையின் அளவுக்கேற்ப நிறம் தீட்டிய வரைபடங்களை வெளியிட்டார். அவற்றில் செல்வந்தர் வீதிகள் மஞ்சள் நிறம். மஞ்சள் வீதிகளுக்கு ஒட்டிய பின்சந்துகள் பல இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் இருக்கக் காணலாம். ஒரு தோட்டத்தின் நீளமே இடைவெளி. வரைபடத்தில் நிறம் மாறிவிடுகிறது.

மோட்டார் வந்தது

1890களில் லண்டன் நகரில் ஏறத்தாழ 300,000 குதிரைகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அடுத்த முப்பது ஆண்டுக்குள் அவற்றுட் பெரும்பாலானவை தெருவிலிருந்து மறைந்தன. லண்டனின் மிகப் பெரிய பஸ் கம்பனி தன் கடைசிக் குதிரை பஸ்ஸை 1911 இல் நிறுத்தியது. வண்டி நின்ற இடத்தில் மோட்டார் கார் நின்றது. லாயம் கராஜ் ஆயிற்று. வண்டியோட்டியின் அறையில் கார்ச் சாரதி குடியிருந்தார். கட்டடத்தில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வண்டிக்கு அமைத்த அகன்ற கதவு காருக்கும் பொருந்தியது.

முதலாம் உலகப் போருக்குப் பின் நிலைமை வேறாயிற்று. பெரிய மாளிகைகளில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மாளிகைகள் மாடிக்கு ஒரு குடும்பமாகப் பிரிந்தன. லாயங்கள் தனியே விற்கப்பட்டன. முதலில் குறைந்த வாடகையைத் தேடிய ஓவியர், சிற்பிகள் போன்றோர் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வசதி படைத்தோரும் விரும்பும் இடமாயிற்று. நகரின் நடுவே, இரைச்சல் இல்லாத, தனி வாசல் கொண்ட சிறு வீடு வேறெங்கும் கிடைக்காத காரணத்தால் விலை ஏறிற்று. வேலைக்காரர் கண்ணில் படாதிருக்கச் செய்த மறைவு, பிற்காலத்தில் செல்வந்தர் விலை கொடுத்து வாங்கும் அமைதியாக மாறியது. விலை ஏறியபோது அதன் பயன் குதிரைக்காரரின் பிள்ளைகளுக்குச் சேரவில்லை. அவர்கள் அங்கே குடியிருந்தவர்களே அன்றி உரிமையாளர்கள் அல்லர்.

மாற்றியமைத்த விதம்

லாயத்தை வீடாக்குவது இலகுவான வேலை அன்று. மூன்று பக்கமும் அடைத்த கட்டடம் அது. பின்னே யன்னல் இல்லை. இரு பக்கமும் அயல் வீட்டுச் சுவர். ஒளிக்கு இரண்டு வழிகளே உண்டு: சந்துப் பக்கமும் கூரையும். ஆகவே கூரையைத் திறந்து கண்ணாடி பதித்தார்கள். மாடிப்படிக்கு மேலிருந்து வரும் ஒளி கீழ்த்தளம் வரை இறங்கும்படி படியை நடுவில் வைத்தார்கள். வண்டிக் கதவின் அகலத்தைக் குறைக்காமல், அந்த இடத்திலேயே கண்ணாடிக் கதவும் யன்னலும் அமைத்தார்கள். பரணின் வைக்கோற் கதவு நீண்ட யன்னல் ஆயிற்று. தடுப்புகளை நீக்கியபோது கீழ்த்தளம் ஒரே கூடமாகத் திறந்தது.

நல்ல முறையில் மாற்றியவர்கள் சிலவற்றை அப்படியே விட்டார்கள். கப்பி கட்டிய மரம், குதிரை கட்டிய இரும்பு வளையம், சந்தின் நடுக்கான், சில்லுப் பட்டுத் தேய்ந்த கல் ஆகியவை இன்றும் பல சந்துகளில் இருக்கின்றன. எத்தனையோ மியூஸ் சந்துகள் பாதுகாப்புப் பிரதேசங்களாக அறிவிக்கப்பட்டுள்ளமையால் முகப்பை விரும்பியபடி மாற்ற முடியாது. மோசமாக மாற்றிய வீடுகளும் உண்டு. எல்லாவற்றையும் பூசி மறைத்து, உள்ளே நுழைந்தால் எந்த நகரத்து வீடென்றும் தெரியாதபடி செய்துவிட்டார்கள். அங்கே பெயர்ப் பலகை மட்டுமே மியூஸ்.

ஹைட் பூங்காவுக்கு அருகில் பாதர்ஸ்ட் மியூஸ் என்ற சந்தில் இன்னும் குதிரை வளர்க்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே லாயக் கதவுக்கு மேலாகக் குதிரை தலை நீட்டும். மற்றச் சந்துகள் எப்படி இருந்தன என்பதை அறிய அந்த ஒரு காட்சி போதும்.

தனியார் லாயங்கள் வீடுகளாக, ரயில்வேக் கம்பனிகளின் பெரிய லாயங்கள் வேறு பணிக்குப் போயின. கம்டன் பகுதியில் சரக்கு இழுத்த குதிரைகளின் லாயங்களும் குதிரை வைத்தியசாலையும் இன்று சந்தையாக இயங்குகின்றன. பாடிங்டனில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1870களில் பல மாடிகளில் ஒரு லாயம் கட்டியது. சில நூறு குதிரைகள் சரிவுப் பாதையால் ஏறி மேல்மாடிகளுக்குச் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கட்டடம் அயலிலுள்ள சென் மேரிஸ் வைத்தியசாலையின் ஒரு பகுதியாயிற்று. குதிரை ஏறிய கட்டடத்துக்குள் நோயாளர் மருந்துக்குச் சென்றார்கள்.

நம் நாட்டில்

இலங்கையில் லாயம் என்றால் நெடுந்தீவுதான் முதலில் நினைவுக்கு வரும். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே குதிரை வளர்த்த லாயத்தின் தூண் வரிசைகள், கோறல் கல்லால் கட்டியவை, இன்றும் நிற்கின்றன. குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டவிழ்ந்து தீவில் அலைகின்றன. அந்த லாயம் வேறொன்றாக மாறவில்லை. ஆகவே கூரையும் மிஞ்சவில்லை. பயன்படாத கட்டடத்தை எந்தக் கல்லும் காப்பாற்றுவதில்லை. கொழும்பிலோ மறுபக்கம் காணலாம். கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011 முதல் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாகத் திறந்திருக்கிறது. கொம்பனித்தெருவில் பார்க் ஸ்ட்ரீட் மியூஸ் என்று லண்டன் பெயரையே சூட்டிய சந்தில் பழைய களஞ்சியக் கட்டடங்கள் உணவகங்களாகியுள்ளன.

ஆனால் லண்டன் மியூஸுக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு மலைநாட்டில் இருக்கிறது. அதே 19ஆம் நூற்றாண்டில், அதே நாட்டுத் துரைமாரால் எழுப்பப்பட்ட தோட்ட லயன் காம்பிராக்களே அவை. துரையின் பங்களா குன்றின் மேல். தொழிலாளரின் லயன் கீழே மறைவாக. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக. பல இடங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகாக, பின் யன்னல் இன்றி. ‘லயன்’ என்பது வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ‘லாயம்’ வேறு சொல். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து உச்சரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஒற்றுமை உறுத்தாமல் இராது. 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் அந்த லயன்களை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் கழனி செய்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளின் வகுப்பறைகளில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். லண்டன் லாயம் விலைமதிப்புள்ள வீடாயிற்று. லயன் காம்பிராவோ இன்னும் பல தோட்டங்களில் அதே லயன் காம்பிராவாகவே இருக்கிறது. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நிலத்துக்கு உறுதி இல்லை. கட்டடம் உருமாறுவதற்குச் சுண்ணாம்பும் கல்லும் மட்டும் போதாது, உரிமையும் வேண்டும் என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

நாம் செய்யத்தக்கது

வன்னி மக்களுக்குக் கட்டடத்தை மாற்றிப் பயன்படுத்துவது யாரும் கற்பிக்க வேண்டிய கலை அன்று. 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அதன் வைத்தியசாலை அக்கராயனிலிருந்து இயங்கியது. நெற்களஞ்சியங்கள் வீடுகளாயின, கோயில் மடங்கள் வகுப்பறைகளாயின, வகுப்பறைகள் அகதி முகாம்களாயின. கொட்டிலின் ஒரு மூலையில் கரும்பலகையைச் சாத்தி வைத்து உயர்தரம் படிப்பித்த ஆசிரியர்களை இந்த மலரின் வாசகர்கள் அறிவார்கள். லண்டனில் விருப்பத்தால் செய்ததை நாம் தேவையால் செய்தோம்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே சுவடு எஞ்சியது, நம்மிடம் எஞ்சவில்லை. போர் அழித்தது ஒரு பங்கு. போருக்குப் பின் புதிய மாடிக் கட்டடம் கட்டும் அவசரத்தில் நாமே இடித்தது இன்னொரு பங்கு. ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட பழைய மண்டபத்தைத் தரைமட்டமாக்கி, அதே இடத்தில் அடிக்கல் நாட்டி, பெயர்க்கல்லில் நன்கொடையாளர் பெயரைப் பொறிப்பது நூற்றாண்டு விழாக்களின் வழக்கமாகிவிட்டது. நன்கொடை அனுப்பும் கைகள் பெரும்பாலும் பழைய மாணவிகளாகிய நம்முடையவை. ஆகவே கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

மூன்று செயல்களை முன்வைக்கலாம். முதலாவது, இடிக்கும் முன் அளந்து வரைந்து படம் எடுத்து வைப்பது. ஓர் அளவுநாடாவும் இரண்டு மாணவிகளும் ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை அது. இரண்டாவது, இடிக்காமல் வேறு பணிக்கு மாற்ற முடியுமா என்று ஒரு பொறியியலாளரைக் கேட்பது. நம் பழைய மாணவிகளுள்ளேயே அத்துறையினர் இருக்கக்கூடும். பழைய விடுதிச் சமையற்கூடம் வாசிகசாலை ஆகலாம். திருக்கல் வண்டி நின்ற கொட்டகை சிறுவர் வகுப்பாகலாம். ஒளி போதாதென்றால் கூரையில் கண்ணாடி ஓடு பதிக்கலாம். மியூஸ் வீடுகளுக்கு உதவிய முறை நமக்கும் உதவும். மூன்றாவது, மாற்றும்போது ஒரு சுவட்டையாவது மூடாமல் விடுவது. ஒரு வாசற்படி, ஒரு தூண், குண்டுச் சன்னம் துளைத்த ஒரு சுவர்த் துண்டு போதும்.

அந்தச் சுவட்டைத் தெரிவு செய்யும்போது முன் மண்டபத்தை மட்டும் பார்க்க வேண்டாம். முன் மண்டபத்தில் அதிபர்களின் படங்கள் ஏற்கனவே இருக்கின்றன. விடுதிப் பிள்ளைகளுக்கு விடியற்காலை அடுப்பு மூட்டியவர், கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளியவர், மணி அடித்தவர், இரவுக் காவல் நின்றவர் ஆகியோரின் இடம் பாடசாலையின் பின்புறத்தில்தான் இருந்தது. அவர்களின் பெயர்கள் மலர்களில் அருமையாகவே வரும். லண்டன் குதிரைக்காரரின் பெயரும் எழுதப்படவில்லை. ஆனால் அவர் வைக்கோல் இழுத்த மரம் இன்னும் நீட்டிக்கொண்டிருப்பதால், அங்கே ஒருவர் வேலை செய்தார் என்பதை வழிப்போக்கரும் அறிகிறார். நம் சமையற்கூடத்தின் புகை படிந்த சுவர் ஒன்றை வெள்ளை அடிக்காமல் விட்டு, அருகே ஒரு சிறு பலகையில் அங்கே உழைத்தவர்களின் பெயர்களை எழுதி வைத்தால், அடுத்த நூறாண்டின் மாணவிகள் அதை வாசிப்பார்கள். அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவற்றை இந்த ஆண்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.